எட்டு நாளாக நேற்று

அந்த இயந்திரத்துக்கு ‘இன்துயில்’ என்று பெயர் வைக்க ஏழு அறிஞர்கள் நான்கு மாதம் கூடிக் கலைந்தார்கள். மேசையில் படுத்திருப்பவருக்கு எந்த மயக்க மருந்து, எத்தனை மில்லி என்று தீர்மானிக்க அந்த இயந்திரத்துக்கு அரை நொடி போதும். அது வந்ததும், மனிதர்கள் மயக்க மருந்தைக் கையால் தொடக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள்.

அதற்காக மயக்க மருத்துவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. எல்லோரையும் அனுப்பிவிட்டால், தப்பு நடக்கும்போது யாரைப் பிடிப்பது? ஆகவே அவர்களுக்கு ‘உடனுறை சாட்சி’ என்ற பதவியைக் கொடுத்தார்கள். அறுவை தொடங்கும் முன் கண்ணாடித் தகட்டில் கட்டைவிரலை வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

தங்கமேரு பன்னோக்கு மருத்துவமனையின் உடனுறை சாட்சி டாக்டர் ஜெபமலர். பத்தொன்பது வருடம் ஆட்களைத் தூங்கவைத்து எழுப்பியவர். அந்தப் பத்தொன்பது வருடத்தில் யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. இப்போது அவருடைய கட்டைவிரலை மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

பதினாறாம் தேதி காலை மருத்துவமனை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ‘ஆயிரம் துயில், ஆயிரம் விழிப்பு’ என்று பெரிய பேனர். இன்துயில் அன்றைக்குத் தன் ஆயிரமாவது நோயாளியைத் தூங்கவைக்கப் போகிறது. தூங்குகிற மனிதன் வடிவத்தில் கேக் வந்து இறங்கியிருந்தது. அந்த ஆயிரமாவது துயிலுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் குடலிறக்க அறுவையைத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். அவருக்கு இருமல் வந்துவிட்டது. நிருபர்களை வரச்சொல்லியாகிவிட்டது. பட்டியலில் அடுத்து இருந்தவள் பேச்சிக்கனி.

பேச்சிக்கனிக்கு முப்பத்திரண்டு வயது. பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. முகத்தின் ஒரு பக்கம், கழுத்து, மார்பு, இரண்டு கைகள் எல்லாம் வெந்திருந்தன. அறுவை அரங்குக்கு முந்தைய அறையில் கட்டுப்போட்டுக் கிடந்தாள். தலைமாட்டுத் திரையில் மாநில நலப் பதிவேட்டிலிருந்து வந்த விவரம் ஓடியது. ‘விபத்து: 15, மாலை 4.30. கழிந்த நேரம்: 17 மணி 40 நிமிடம்.’

ஜெபமலர் அவள் கையிலிருந்த கட்டைக் கொஞ்சம் விலக்கினார். வாடை முதலில் வந்தது. நேற்று மாலை வெந்த தோல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இது அப்படி இல்லை. மஞ்சளாகச் செத்த தோல், அடியில் பச்சையாகச் சீழ், ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை. உடம்பு ஒரு வாரம் ஓய்வில்லாமல் வேலை பார்த்திருந்தது.

“எப்பம்மா பட்டுச்சு?” என்றார்.

“நேத்து, டாக்டரம்மா.”

“நேத்து என்ன கிழமை?”

பேச்சிக்கனி யோசித்தாள். காய்ச்சல் நூற்று மூன்று. உதடு வெடித்திருந்தது. “கிழமை சொல்லித் தரலையே,” என்றாள். பிறகு ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று தோன்றியிருக்க வேண்டும். “நேத்துதாம்மா,” என்று மறுபடி சொன்னாள்.

ஜெபமலர் திரையைத் தட்டி, இன்துயில் என்ன மருந்து எடுத்திருக்கிறது என்று பார்த்தார். ஸ்கோலின். பயந்தது போலவே. கையிலிருந்த கட்டை அப்படியே மூடிவிட்டு வெளியே வந்தார்.

நடைபாதை பெஞ்சில் பேச்சிக்கனியின் கணவர் குருவையா உட்கார்ந்திருந்தார். அவர் தோளில் கை போட்டபடி ஆலை மேனேஜர் தெய்வேந்திரன். பார்க்கிறவர்கள் கூடப் பிறந்தவர் என்றுதான் நினைப்பார்கள்.

“குருவையா, உங்ககிட்டத் தனியாப் பேசணும்.”

“எங்கிட்ட மறைக்க என்ன இருக்கு மேடம்,” என்றார் தெய்வேந்திரன். “குடும்பம் மாதிரி பழகுறோம்.”

ஜெபமலர் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். “நல்லாக் கேளுங்க. தொண்டையில குழாய் இறக்கறதுக்கு முன்னாடி உடம்புல இருக்கிற தசையையெல்லாம் செயலிழக்க வைக்க ஒரு மருந்து போடுவோம். இங்க ஸ்கோலின் போடப் போறாங்க. வெந்து ஒரு நாள் ஆகலைன்னா அது நல்ல மருந்துதான். நாலஞ்சு நாள் ஆயிருச்சுன்னா அதே மருந்து விஷம்.”

“அதெப்படிம்மா?”

“தீப்பட்ட உடம்புல தசையோட குணமே மாறிப்போகும். அப்ப இந்த மருந்து போனா, தசைக்குள்ள இருக்கிற பொட்டாசியம் மொத்தமா ரத்தத்துல கொட்டும். அது ஏறுச்சுன்னா இதயம் தாங்காது. ரெண்டு மூணு நிமிசத்துல நின்னுரும். வேற மருந்து இருக்கு. அதே மெசின்லயே இருக்கு. உங்க சம்சாரத்துக்குப் பட்டது என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க, மாத்திரலாம்.”

குருவையா தன் செருப்பைப் பார்த்தார். தோளில் கிடந்த கை லேசாக அழுத்தியது.

“நேத்துதாம்மா.”

“புண்ணைப் பார்த்தேன் குருவையா.”

“நேத்து சாயங்காலம் நாலரை மணி.”

“நிமிசம்கூட ஞாபகம் இருக்கு பாத்தீங்களா,” என்றார் தெய்வேந்திரன். “அவரே பதிவேட்டுல ரேகை வச்சுக் குடுத்த தேதி.”

ஜெபமலர் அவர் பக்கம் திரும்பினார். “உங்க ஆலைக்கு லைசென்ஸ் என்னைக்குப் புதுப்பிச்சீங்க?”

“பதினாலாந்தேதி. கையில இருக்கு, காட்டவா?” அவர் முகத்தில் துளி வெட்கமில்லை. “மேடம், லைசென்ஸ் இருக்கிற எடத்துல நடந்தா விபத்து. இல்லாத எடத்துல நடந்தா குத்தம். விபத்துக்குத்தான் கம்பெனி வைத்தியம் பாக்கும். குத்தத்துக்கு யாரு பாப்பா? எங்களுக்கு அந்தப் பொம்பள பொழைக்கணும், அதான் இவ்வளவு மெனக்கெடுறோம். எட்டு நாளா கெஸ்ட் ஹவுஸ்ல...” என்று ஆரம்பித்தவர், இருமி நிறுத்திக்கொண்டார்.

ஆக, எட்டாம் தேதி. எட்டாம் தேதி வெந்தவளை லைசென்ஸ் வரும்வரை ஓர் அறையில் போட்டு, களிம்பு தடவிக் காத்திருந்திருக்கிறார்கள். எட்டு நாளாக யார் கேட்டாலும் குருவையாவுக்கு ஒரே பதில்தான். எட்டு நாளாக அவருக்கு நேற்றே நடந்துகொண்டிருந்தது.

“இவர் சொன்னதைக் கேட்டீங்கல்ல?” என்றார் ஜெபமலர். “தேதி குடுத்தது நீங்க. நீங்க ரேகை வச்சா அந்த நிமிசமே மாறும். நான் மாத்தச் சொல்லி எழுதினா எழுபத்திரண்டு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் அவ தாங்க மாட்டா.”

குருவையாவின் வாய் திறந்தது. தெய்வேந்திரன் அவர் காதருகே குனிந்து, மெதுவாகத்தான் சொன்னார். “தேதி மாறுச்சுன்னா இப்பவே வண்டியக் கொண்டாந்து ஏத்திருவாக. வெளிய எவன் சேப்பான்? டாக்டருமாரு அப்படித்தாம்யா, பயங்காட்டத்தான் செய்வாக. நீ என்னைய நம்பு.”

குருவையாவுக்கு ஜெபமலரைத் தெரிந்து பத்து நிமிடம். தெய்வேந்திரனைத் தெரிந்து பதினோரு வருடம். பெண்டாட்டி பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை. அதனால் அவர் சொன்னார்: “நேத்துதாந் தாயி.”

தலைமை மருத்துவர் தனுஷ்கோடி தன் அறையில் பட்டு அங்கவஸ்திரத்தை எந்தத் தோளில் போடுவது என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் மூன்று தங்கப் பதக்கம், நான்கு ஆளுநர்களோடு எடுத்த படம். அவர் கடைசியாக ஒரு நோயாளியைத் தொட்டது இரண்டாவது ஆளுநர் காலத்தில்.

“சார், அந்தப் பொண்ணுக்கு ஸ்கோலின் போட்டா செத்துப்போயிரும்.”

“இன்துயில் தேர்ந்தெடுத்ததா?”

“ஆமா.”

“அப்ப அது சரியாத்தான் இருக்கும். நீங்க தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது தடவை விரல் வச்சிருக்கீங்க. ஒரு தடவை தப்பாச்சா?”

“தேதி பொய் சார். புண்ணு எட்டு நாள் பழசு. நீங்க பார்த்தீங்களா?”

“நான் பதிவேட்டைத்தான் பார்ப்பேன். புண்ணை சர்ஜன் பார்ப்பார்.”

“ஆபரேஷனைத் தள்ளிப்போடுங்க.”

தனுஷ்கோடி திரும்பினார். குரலில் கனிவு வந்தது. அவருக்குக் கனிவு வந்தால் எல்லோரும் ஒரு அடி தள்ளி நிற்பார்கள். “டாக்டர், அழுகின தோலை இன்னைக்கு எடுக்கலைன்னா நாளைக்கு ரத்தத்துல விஷம் ஏறிரும். அவ சாவுக்கு நீங்க பொறுப்பு ஏத்துக்கிறீங்களா?”

“நேத்து வெந்த தோல் இன்னைக்கு எப்படி சார் அழுகும்?”

தனுஷ்கோடி மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தார். முழுதாகக் குடித்து முடித்தார்.

“உங்களுக்கு இஷ்டமில்லைன்னா,” என்றார், “டவுன்ல இருந்து வேற சாட்சியை வரச்சொல்றேன். பல் டாக்டர் ஒருத்தர் இருக்கார். விரல் வைக்கிற தகுதி அவருக்கும் உண்டு.”

வெறும் மிரட்டலாக இருந்திருந்தால் ஜெபமலர் போய்யா என்று வந்திருப்பார். அது உண்மையாகவும் இருந்ததுதான் தொல்லை. அன்றைக்கே அந்தத் தோலை எடுக்காவிட்டால் அவள் பிழைக்க மாட்டாள். அவர் விலகிக்கொண்டால் பல் டாக்டர் நிற்பார், இதயம் நின்றால் அவருக்கு என்ன செய்யத் தெரியும்? அவசர மருந்துப் பெட்டிக்கு மட்டும் இன்னும் பூட்டு போடவில்லை. அதிலிருந்து, பொட்டாசியம் ஏறினால் இதயத்தைக் காக்கிற கால்சியம் குளுக்கோனேட் ஆறு ஆம்பூல் எடுத்து ஊசிகளில் ஏற்றி, மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு அரங்குக்குள் போனார்.

அங்கே தொழில்நுட்பர் சிக்கந்தர் பேச்சிக்கனியை மேசைக்கு மாற்றியிருந்தார். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிருபர்கள், இரண்டு கேமரா, அங்கவஸ்திரத்தோடு தனுஷ்கோடி.

“வணக்கம்,” என்றது இன்துயில். பயிற்சி பெற்ற வானொலிக் குரல். “தங்கள் துயில் இனிதாக அமைய வாழ்த்துகிறோம்.”

“யாரு பேசுறது?” என்றாள் பேச்சிக்கனி.

“மெசினும்மா. பயப்படாத,” என்றார் சிக்கந்தர்.

“நல்ல மரியாதையாப் பேசுது,” என்றாள். அந்த ஆலையில் அவளிடம் யாரும் ‘தங்கள்’ என்று பேசியிருக்க மாட்டார்கள்.

ஜெபமலர் இயந்திரத்தின் பக்கம் குனிந்தார். “மருந்தை மாத்து. ரோக்குரோனியம் போடு.”

“கழுத்தும் முகமும் வீங்கியுள்ளன. குழாய் இறங்காவிட்டால் நோயாளி தானே மூச்சு விட வேண்டியிருக்கும். ஸ்கோலினின் செயல் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். மற்றதன் செயல் நீடிக்கும். காயம் பத்தொன்பது மணி நேரப் பழமை உடையது. ஆகவே ஸ்கோலின் ஏற்றது.”

“காயம் எட்டு நாள்.”

“தங்கள் கருத்து மாண்புடன் பதிவு செய்யப்பட்டது. பதிவேட்டுடன் பொருந்தவில்லை.”

“எட்டு நாள்னு வச்சுக்கோ. என்ன போடுவ?”

“எட்டு நாள் எனில் ஸ்கோலின் கூடவே கூடாது. இதயம் நின்றுபோகும் வாய்ப்பு மிகுதி.”

சிக்கந்தர் நிமிர்ந்து பார்த்தார். “தெரிஞ்சே வச்சிருக்கு மேடம்.”

“அதுக்கு எல்லாம் தெரியும். தேதி ஒண்ணுதான் நம்ம ஆளுங்க குடுத்தது.”

பேச்சிக்கனி தலையைத் திருப்பினாள். “டாக்டரம்மா, நான் எந்திரிச்சு எப்ப வீட்டுக்குப் போலாம்? எம் பொண்ணு அபிநிஷா எங்க அத்தை வீட்ல இருக்கா. அவுக தலை பின்னத் தெரியாது, சும்மா இழுத்துக் கட்டி விட்ருவாக.”

“போலாம்மா,” என்றார் ஜெபமலர். பிறகு தன் கட்டைவிரலைக் கண்ணாடித் தகட்டில் வைத்தார்.

மருந்து போனது. பேச்சிக்கனியின் கண் மூடியது. முகத்தில், தோளில், தொடையில் என்று தசைகள் தோலுக்கடியில் சின்னச் சின்னதாகத் துள்ளின. பிறகு எல்லாம் அடங்கின. இயந்திரத்தின் கை குழாயை இறக்கியது. நாற்பத்தொரு நொடி. கண்ணாடிக்கு வெளியே கைதட்டினார்கள்.

ஜெபமலர் கைதட்டலைப் பார்க்கவில்லை, இதயத்தின் கோட்டைப் பார்த்தார். மேடு ஒவ்வொன்றும் கூராக எழுந்தது, கூடாரம் அடித்த மாதிரி. பிறகு அகன்றது. பிறகு மேடும் பள்ளமும் ஒன்றாகி வெறும் அலையாக ஓடியது. கால்சியம் முதல் ஊசி உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே அலையும் நின்றது.

“சிக்கந்தர், நெஞ்சு அமுக்குங்க.”

“நோயாளியின் துயில் எதிர்பார்த்ததை விட ஆழமாக உள்ளது,” என்றது இன்துயில்.

ஐம்பத்தைந்து நிமிடம் மாறி மாறி அமுக்கினார்கள். கால்சியம், இன்சுலின், குளுக்கோஸ், சோடா பைகார்ப் என்று பெட்டியில் இருந்த எல்லாம் போனது. இடையில் இரண்டு தரம் கோடு அசைந்தது, இரண்டு தரமும் படுத்தது. ரத்தத்தில் பொட்டாசியம் ஒன்பது புள்ளி ஆறு. காலையில் நாலு புள்ளி ஒன்று இருந்தது. சிக்கந்தர் நிறுத்தியபோது அவர் மூக்குக் கண்ணாடியில் வியர்வை வழிந்து எதிரே இருப்பது தெரியவில்லை. கண்ணாடிச் சுவரின் திரையை யாரோ முன்பே இழுத்து விட்டிருந்தார்கள்.

கேக்கை மறுநாள் வெட்டினார்கள். குழாய் சரியாக இறங்கியதால் ஆயிரமாவது செயல்முறை பிழையின்றி முடிந்ததாக இன்துயில் சான்று கொடுத்திருந்தது. விழிப்பைப் பற்றி அதில் எதுவும் இல்லை. பேனரில் இருந்த ‘ஆயிரம் விழிப்பு’ மேல் மட்டும் ஒரு பூச்சரத்தைத் தொங்கவிட்டார்கள்.

ஜெபமலர் அறிக்கை எழுதினார். தேதி பொய், சாவுக்குக் காரணம் அதுவே என்று எழுதினார். அதைத் தனுஷ்கோடி விசாரணைக் குழுவுக்கு அனுப்பினார். குழுவின் தலைவர் தனுஷ்கோடி.

ஆனால் பொட்டாசியம் ஒன்பது புள்ளி ஆறு என்ற எண்ணைப் பதிவேட்டால் விட முடியவில்லை. பத்தொன்பது மணி நேரக் காயத்தில் அது அவ்வளவு ஏறாது. தேதி சரி, எண்ணும் சரி என்றால் வேறொன்று இருந்தாக வேண்டும். மூன்றாம் நாள் அது தானாகவே ஒரு முடிவுக்கு வந்தது: ‘இறந்தவருக்குக் கண்டறியப்படாத பரம்பரைத் தசைநோய் இருந்திருக்க வாய்ப்பு தொண்ணூற்றாறு விழுக்காடு.’ பரம்பரை நோய் என்றால் பிள்ளைக்கும் உண்டு. ஒன்பது வயது அபிநிஷாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குறி விழுந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு மதியம், குருவையா ஜெபமலரின் அறைக்கு வந்தார். தனியாக வந்தார். தோளில் யார் கையும் இல்லை. மொட்டை போட்டிருந்தார்.

ஜெபமலர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

“மூணு நாளைக்கு முன்னாடி பாப்பா பள்ளிக்கூடத்துல விழுந்து கைய முறிச்சுக்கிட்டா,” என்றார். “முழங்கை. மயக்கங் குடுத்துக் கம்பி வைக்கணும்னாக. மூணு ஆஸ்பத்திரி போனேன். பேர அடிச்ச உடனே சிவப்பா வருது. மயக்கங் குடுத்தா செத்துரும், நாங்க தொட மாட்டோம்ங்குறாக. கை வீங்கி வெரல் நீலம் பாரிச்சுப் போச்சு.”

ஜெபமலருக்குப் புரிந்தது. “அவளுக்கு ஒரு நோயும் இல்ல குருவையா. உங்க சம்சாரத்துக்கும் இல்ல. அந்தத் தேதியை மாத்தினா குறி போயிரும்.”

“தெரியும்மா. அன்னைக்கு நீங்க சொன்னது அப்ப மண்டையில ஏறல. மூணாவது ஆஸ்பத்திரி வாசல்ல ஏறுச்சு.”

“ஆனா கேளுங்க. தேதி மாறினா, பொய்த் தேதி குடுத்தது யாருன்னு பதிவேடு தேடும். அதுல இருக்கிறது உங்க ரேகைதான். பேச்சிக்கனி சாவு உங்க மேல விழும். அவசரப்பட்டு வைக்காதீங்க, ஒரு வக்கீலைப் பார்த்து...”

“வச்சிட்டேன். முந்தாநாள் வச்சேன். எட்டாந்தேதின்னு.” அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. “வச்ச மறு நிமிசம் சிவப்பு போயிருச்சும்மா. நீங்க சொன்ன மாதிரியே. அன்னைக்கே கம்பி வச்சுட்டாக. பாப்பா முழிச்சு, எட்டு இட்லி வேணும்னு கேட்டா.”

சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். காவல் நிலையத்திலிருந்து வந்தது. தவறான மருத்துவத் தகவல் அளித்து மரணம் விளைவித்தல். பெயர்: குருவையா. வேறு பெயர் எதுவும் இல்லை. நாளைக்குக் காலை பத்து மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

ஜெபமலர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“மேனேஜர்? முதலாளி? எங்க பெரிய டாக்டர்?”

குருவையா இல்லை என்று தலையாட்டினார்.

“உங்களை அப்படிச் சொல்லச் சொன்னது யாருன்னு நீங்க சொல்லலையா?”

“சொன்னேன். பேரு பேராச் சொன்னேன். கம்ப்யூட்டர்ல அடிக்கிற பொண்ணு நல்ல பொண்ணு. கேட்டுட்டு அதுவே கண்ணத் தொடச்சுக்கிட்டுச்சு. தேதி குடுத்தது யாருன்னு கேக்க ஒரு கட்டம் இருக்காம்மா. குடுக்கச் சொன்னது யாருன்னு கேக்க அதுல கட்டமே இல்லையாம்.”

வெளியே யாருடைய பெயரையோ ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஜெபமலர் எழுந்து கதவைச் சாத்தினார். இழுப்பறையிலிருந்து கோடு போடாத வெள்ளைத் தாள்கள் நான்கை எடுத்தார். முதல் தாளின் முதல் வரியில் தன் பெயரை எழுதி, தெரிந்தே விரல் வைத்தேன் என்று பக்கத்தில் எழுதினார்.

“இப்ப நீங்க சொல்லுங்க குருவையா,” என்றார். “எட்டாந்தேதி காலையில இருந்து.”

குருவையா அந்த முதல் வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.